முற்றுப்புள்ளியோடு ஒரு வரேன்

காலை பத்து நாற்பதுக்கு என் மனைவியிடமிருந்து கைபேசியில் ஒரு செய்தி வந்தது. ‘வரேன்.’ அவ்வளவுதான். ஒரு சொல், அதற்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி. படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இதில் என்ன குழப்பம் என்று யார் கேட்டாலும் தமிழ் பேசுகிறவர்கள் கேட்கக் கூடாது. வருகிறவரும் வரேன் என்பார், போகிறவரும் வரேன் என்பார். வாசலில் செருப்பை மாட்டி, நமக்கு முதுகைக் காட்டி, ‘அப்ப நான் வரேன்’ என்று சொல்லிவிட்டு எதிர்த்திசையில் நடப்பதற்கு நம்மால்தான் முடியும். போறேன் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. தப்பித்தவறிச் சொன்னால் வீட்டில் ஒருவர் ‘போறேன்னு சொல்லாத, வரேன்னு சொல்லு’ என்று திருத்துவார். ஆள் எதிரில் நிற்கும்போது இதில் ஒரு சிக்கலும் இல்லை. முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது, கையில் பை இருக்கிறதா, குரல் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். கைபேசித் திரையில் முகமும் இல்லை, பையும் இல்லை, குரலும் இல்லை.

இதே சொல்லை எங்கள் அலுவலகத்தில் தடை செய்தவனே நான்தான் என்பது இதில் பெரிய கூத்து. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றின் கன்ட்ரோல் ரூமில் எனக்கு வேலை. சுவரை அடைத்துக்கொண்டு ஒரு திரை, அதில் நகரத்தின் வரைபடம், அதன்மேல் எங்கள் மெக்கானிக்குகள் பதினேழு பேரும் பதினேழு புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருப்பார்கள். சும்மா இருப்பவர் பச்சை, வழியில் இருப்பவர் மஞ்சள், வேலையில் இருப்பவர் சிவப்பு. மெக்கானிக்குகளின் கை எந்நேரமும் கிரீஸாக இருப்பதால், வாயால் சொன்னாலே போதும், கைபேசி கேட்டுப் புரிந்துகொண்டு நிறத்தை மாற்றிவிடும் என்று சொல்லி ஒரு செயலியைக் கொண்டுவந்தார்கள். முதல் மாதமே அது எங்களைச் சந்தி சிரிக்க வைத்தது. கயிறு என்று நாங்கள் கூப்பிடும் மெக்கானிக் (லிஃப்ட் கயிறு மாற்றுவதில் கெட்டிக்காரன் என்பதால் வந்த பெயர்) ஒரு கட்டடத்தில் வேலையை முடித்துவிட்டு அங்கிருந்த வாட்ச்மேனிடம் ‘சரி, நான் வரேன்’ என்று விடைபெற்றான். சட்டைப் பையிலிருந்த கைபேசி அதைக் கேட்டது. காத்திருந்த அடுத்த புகாருக்கு இவன் வருவதாகக் குறித்துக்கொண்டு மஞ்சளைப் போட்டது. கயிறு நிதானமாகச் சாப்பிடப் போய்விட்டான். ஒரு பல் டாக்டர் தன் கட்டடத்து லிஃப்டுக்குள் ஒன்றரை மணி நேரம் நின்றார். நான் மஞ்சளைப் பார்த்துப் பார்த்து, ‘இதோ வந்துட்டாரு சார்’ என்று அவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் நானே உட்கார்ந்து ஒரு சுற்றறிக்கை எழுதினேன். பணி நேரத்தில் வரேன் என்ற சொல்லை இனி யாரும் பயன்படுத்தக் கூடாது, ‘புறப்பட்டேன்’, ‘அடைந்தேன்’, ‘முடித்தேன்’ என்ற மூன்று பொத்தான்களில் ஒன்றைத்தான் தொட வேண்டும் என்று. பதினேழு பேருக்கும் அனுப்பினேன். வீட்டுக்கு ஒரு பிரதி அனுப்பத் தோன்றவில்லை.

என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். அவள் கையிலும் நாள் முழுக்கக் கையுறை. அதனால் கைபேசியைத் தொடுவதில்லை, அதனிடம் பேசுவாள். அது எழுதிக்கொள்ளும். மூச்சு விட்டால் முற்றுப்புள்ளி வைக்கும். அவளுடைய கூடம் எட்டு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் வேறொரு நகரத்தில் புதுக் கிளை திறக்கிறது. அதற்குத் தலைவியாக வரச் சொல்லி அவளைக் கேட்டிருந்தார்கள். இரண்டு வருடம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் அங்கே போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அன்று மதியம் ஒன்று பத்துக்கு ரயில். டிக்கெட் மூன்று வாரமாக அவள் கைபேசியில் இருந்தது. போவதா வேண்டாமா என்பது மட்டும் முடிவாகவில்லை. முடிவாகாததற்குக் காரணம் நான்.

மூன்று வாரமாக நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பேச்சை எடுத்தபோதெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். தூக்கிய முகத்தை வைத்துக்கொள்ள ஒரு இடம் வேண்டுமே, அதற்குக் கையில் எப்போதும் ஒரு திரை இருந்தது. எனக்கு அவள் போவது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது. இருபது வருடம் அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதியவளுக்கு முதல்முறையாக ஒரு நாற்காலி கிடைக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்ல எந்த முகத்தை வைத்துக்கொள்வது? அதனால் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். முந்தின நாள் மாலை அவள் துணி மடித்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “நாளைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க. போன்னாலும் சரி, வேணாம்னாலும் சரி. ஒண்ணுமே சொல்லாம அனுப்பி வெச்சீங்கன்னா, ரெண்டு வருஷம் கழிச்சு நான் திரும்பி வருவேன்னு எதிர்பாக்காதீங்க.”

காலையில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். எட்டு மணிக்கு ஒரு மருத்துவமனை லிஃப்ட் நின்றுவிட்டது. கைபேசி அலறியது. நான் போட்ட கத்தலில் அவள் கூடத்துக்குக் கிளம்பிப் போனதைக் கவனிக்கவில்லை.

இப்போது அந்தச் செய்தி. வரேன் என்றால், ‘உங்களோடு முகத்துக்கு நேராகப் பேசத் திரும்பி வருகிறேன்’ என்றா? இல்லை, ‘இனிமேல் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, கிளம்புகிறேன்’ என்றா? முதலாவது என்றால் எனக்கு நேரம் இருக்கிறது. இரண்டாவது என்றால் ஒன்று பத்துக்கு எல்லாம் முடிந்துபோகும்.

பதில் போடலாம் என்றால் என்ன போடுவது? என் கைபேசி என்னைவிடச் சுறுசுறுப்பு. அவள் செய்திக்குக் கீழே மூன்று பதில்களைத் தானே தயார் செய்து வைத்திருந்தது. ‘சரி’, ‘எப்போது?’, அப்புறம் ஒரு கட்டைவிரல். நான் ‘எப்போது?’ என்பதைத் தொடலாமா, தொட்டால் எகத்தாளமாகப் படுமோ என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது காதில் மாட்டியிருந்த கருவியில் அவசர அழைப்பு வந்தது. பதறி மேஜைமேல் கைபேசியைக் கவிழ்த்தேன். அழைப்பை முடித்துவிட்டு நிமிர்த்திப் பார்த்தால், ‘சரி’ போயிருந்தது. பக்கத்தில் இரண்டு நீல டிக். படித்தும்விட்டாள்.

அவள் வருகிறாள் என்றால் சரி என்பது சரியான பதில். போகிறாள் என்றால் அதைவிடக் கேவலமான பதில் இல்லை. அழித்துவிடலாம் என்றால் ‘இந்தச் செய்தி அழிக்கப்பட்டது’ என்று ஒரு வரி நிற்கும். சரியை எதற்காக அழித்தான் என்று அவள் யோசிப்பாள். தலையும் புரியாமல் வாலும் புரியாமல் அப்படியே விட்டேன்.

கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. நான்கு முறை கூப்பிட்டேன். கூடத்தில் கைபேசி சத்தம் போடக் கூடாது என்பதால் அவள் கைபேசி வாங்கின நாளிலிருந்தே ஊமை. அதனால் எடுக்காததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அவள் எங்கே இருக்கிறாள் என்று வரைபடத்தில் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. போன மாதம்தான் அவள் அதை அணைத்தாள். நான் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, ‘என்ன, பஸ் ஸ்டாப்பிலேயே பத்து நிமிஷமா நிக்கற’ என்று ஒருநாள் கேட்டதுதான் காரணம். பதினேழு புள்ளிகள் போதாது என்று பதினெட்டாவது புள்ளியாக இருக்கத் தனக்கு விருப்பமில்லை என்று சொல்லி அணைத்துவிட்டாள். எனக்கு அப்போது கோபம் வந்தது. பாதுகாப்புக்காகத்தானே என்று வாதாடினேன். பாதுகாப்புக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மிச்சம் இருந்தது வீட்டுக் கதவு. எங்கள் கதவின் பூட்டு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எனக்குத் தகவல் சொல்லும். ஒன்பது ஐம்பத்திரண்டுக்குத் திறந்திருந்தது. பத்து முப்பத்தொன்றுக்கு மறுபடி திறந்து மூடியிருந்தது. கூடத்திலிருந்து வீட்டுக்கு வந்து, முக்கால் மணி நேரம்கூட இல்லாமல் வெளியே போயிருக்கிறாள். போனது ஆள் மட்டுமா, ஆளும் பெட்டியுமா என்று அது சொல்லவில்லை. இத்தனை அறிவுள்ள பூட்டுக்கு அது மட்டும் தெரியவில்லை.

பதினொன்று இருபதுக்கு எங்கள் வாஷிங் மெஷினிடமிருந்து ஒரு தகவல் வந்தது. ‘உங்கள் துணிகள் தயார்.’

இதற்குமேல் தனியாகத் தாங்க முடியவில்லை. உதிரிப் பாகங்களைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் அக்காவின் அறை எங்கள் அறைக்கு அடுத்தது. அவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அங்கே கயிறு ஒரு பெட்டி ரோலரைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டிருந்தான். ஊருக்கே சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

ஸ்டோர் அக்கா என் கைபேசியை வாங்கித் தூரமாகப் பிடித்துப் படித்தார். மருந்துச் சீட்டைப் பார்ப்பது போலப் பார்த்தார். வாஷிங் மெஷினில் துணி போட்டுவிட்டு எந்தப் பெண்ணும் வீட்டை விட்டுப் போகமாட்டாள், ஈரத்துணி நாறிப்போகும், அவள் சாயங்காலம் வந்து காயப்போடப் போகிறாள் என்று தீர்ப்புச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. கயிறு குறுக்கே புகுந்து, அண்ணி அப்படிப்பட்டவர் இல்லை, போகிற அன்றைக்குத்தான் வீட்டை ஒழுங்காக வைத்துவிட்டுப் போவார், கடைசியாக ஒருமுறை துவைத்துப் போட்டிருக்கிறார் என்றான். வந்த உயிர் திரும்பிப் போனது. அக்கா விடவில்லை. வருகிறவள் என்றால் ‘வந்துட்டு இருக்கேன்’ என்றோ ‘கிளம்பிட்டேன்’ என்றோ போட்டிருப்பாள் அல்லவா என்று தானே ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். கிளம்பிட்டேன் என்பதும் இரண்டு பக்கமும் போகும் சொல்தானே என்று கயிறு கேட்டான். அவர்கள் இருவரும் இலக்கணம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் நின்று திருதிருவென்று விழித்தேன்.

வெளியூரில் படிக்கும் மகளுக்குச் செய்தி அனுப்பினேன். அம்மாவின் செய்தியை அப்படியே படம் பிடித்து அனுப்பி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். வகுப்பில் இருந்திருப்பாள், ஆனாலும் ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. முற்றுப்புள்ளி வைத்திருக்கிறார்கள், அப்படியானால் கோபம் என்று. முற்றுப்புள்ளியை வைத்தது அம்மா இல்லை, கைபேசி என்று விளக்கினேன். சிரிக்கிற பொம்மையோ பூவோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானாலும் கோபம்தான் என்றாள். அதற்கு நீங்கள் என்ன பதில் போட்டீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்ட ஒரு பொம்மை வந்தது. அதற்குக் கீழே ஒரு வரி: “அப்பா, நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்லதான இருக்கீங்க?”

நியாயமான கேள்வி. கைபேசியை வைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு நான் முடிவுக்கு வந்தேன். ஸ்டேஷனுக்குப் போய்விடுவது. அவள் போகவில்லை என்றால் நான் ஒரு முட்டாளாகத் திரும்பி வருவேன், அது எனக்குப் பழக்கம்தான். போகிறாள் என்றால் ரயில் புறப்படுவதற்குள் ஒரு வார்த்தை சொல்லலாம். என்ன வார்த்தை என்று அப்போதும் தெரியவில்லை. போகாதே என்று சொல்லத்தான் வாய் ஊறியது என்பதை மறைக்கவில்லை.

ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு துணிக்கடை லிஃப்டில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் கர்ப்பிணி. மெக்கானிக் போய்ச் சேர்ந்து, கதவைத் திறந்து, ‘முடித்தேன்’ பொத்தானைத் தொடும் வரை நாற்காலியை விட்டு நகரக் கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியதும் நான்தான். எதிரே புள்ளி சிவப்பாகவே இருந்தது. மாட்டிக்கொண்ட பெண்ணிடம், பயப்பட ஒன்றுமில்லை, இன்னும் ஐந்து நிமிடம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்குப் புள்ளி பச்சையானது. ஸ்டோர் அக்காவை என் நாற்காலியில் உட்காரவைத்தேன். கயிறு தன் பைக்கைப் பின்வாசல் பக்கம் நிறுத்தியிருந்தான். சாமான் ஏற்றும் கதவு வழியாக இருவரும் ஓடினோம்.

அவன் ஓட்டினதை ஓட்டினது என்று சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டு அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். ஸ்டேஷனில் என்னை இறக்கிவிட்டு, அவசரமாக வேறு கட்டடத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் போனான். மணி ஒன்று. வாசலில் இருந்த பலகை ரயில் மூன்றாவது நடைமேடையில் நிற்பதாகச் சொன்னது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் ஐந்தாவது என்றாள். அவளும் ஆள் இல்லை, பதிவு செய்த குரல்தான். நான் பலகையை நம்பி மூன்றுக்குப் போனேன். அங்கே காலித் தண்டவாளம். படியேறி இறங்கி ஐந்துக்கு ஓடினேன். ரயில் நின்றுகொண்டிருந்தது. அவளுடைய பெட்டி எண் எனக்குத் தெரியாது. மூன்று வாரமாக டிக்கெட்டைக் காட்டட்டுமா என்று கேட்டவளிடம் நான் ஒருமுறையும் காட்டு என்று சொல்லவில்லை.

பெட்டி பெட்டியாக ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தேன். எல்லோரும் குனிந்து கைபேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். உச்சந்தலைகளைப் பார்த்தே மனைவியைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவள் உச்சந்தலை எனக்குத் தெரியும், வகிட்டில் இடது பக்கம் நரை. கடைசிப் பெட்டிவரை பார்த்துவிட்டேன். இல்லை. கதவுகள் தாமாக மூடின. ரயில் நகர்ந்தது, வேகம் எடுத்தது, போய்விட்டது.

அவள் அதில் இல்லை. அப்படியானால் வரேன் என்றது வருகிறேன்தான். அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம். ரயில் போனதில், அவள் அதில் இல்லாததில், நான் ஒரு வார்த்தையும் சொல்லாமலே காரியம் முடிந்ததில். சிரித்துக்கொண்டுகூட இருந்திருப்பேன், பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஒரு இடத்தில் அசையாமல் உட்கார்ந்ததும் என் கைபேசிக்கு ஞானம் வந்தது. பைக்கில் ஏறியதிலிருந்து நான் வண்டி ஓட்டுவதாக அது தானே முடிவு செய்துகொண்டு, வந்த அழைப்பு, செய்தி எல்லாவற்றையும் என் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தது. இப்போது மொத்தமாகக் கொட்டியது. பன்னிரண்டு நாற்பத்து நான்கு: ‘உங்களைப் பார்க்க ஒருவர் வரவேற்பறையில் காத்திருக்கிறார்.’ பன்னிரண்டு நாற்பத்தொன்பது: அதே தகவல், இரண்டாம் முறை. பன்னிரண்டு ஐம்பத்திரண்டு: மனைவியின் அழைப்பு. ஐம்பத்தெட்டு: மனைவியின் அழைப்பு. இரண்டுக்கும் நான் பதில் அனுப்பியிருந்தேன். ‘வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பிறகு அழைக்கிறேன்.’ நான் அனுப்பவில்லை, கைபேசி அனுப்பியது. ஆனால் என் பெயரில்.

சந்தோஷம் எங்கே போனது என்று தெரியவில்லை. அப்போது மணி அடித்தது. திரையில் ‘கன்ட்ரோல் ரூம்’ என்று வந்தது. ஸ்டோர் அக்கா என்று நினைத்து எடுத்தேன்.

“உங்களுக்கு வண்டியே ஓட்டத் தெரியாதே,” என்றாள் என் மனைவி.

என் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறாள். ஸ்டோர் அக்கா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், பூட்டு, வாஷிங் மெஷின், மகள் வரை. கோபமாகப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் களைத்துப்போய்ப் பேசினாள், அது இன்னும் மோசமாக இருந்தது. கூடத்தில் சாவியை ஒப்படைத்துவிட்டு, பெட்டியோடு, ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் என்னைப் பார்க்க வந்திருக்கிறாள். அதைத்தான் வரேன் என்று சொல்லியிருக்கிறாள். கீழே இருந்த கருவியில் பெயரைப் பதிந்து, சட்டையில் ஒட்டுவதற்கு அது கொடுத்த காகிதத்தை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் பின்வாசல் வழியாக ஓடியதால் வாசல் கருவியில் என் அடையாள அட்டையைத் தேய்க்கவில்லை. வரவேற்பறைத் திரையில் என் பெயருக்கு நேராக ‘உள்ளே இருக்கிறார்’ என்று பச்சையில் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

“பத்து நிமிஷம் பாத்தேன்,” என்றாள். “சரின்னு போட்டிருந்தீங்க. நாலு தடவ கூப்பிட்டதையும் அப்புறந்தான் பாத்தேன். உள்ள இருக்காருன்னும் காட்டுது. மேல உக்காந்துக்கிட்டு என்னைப் பாக்க இறங்கி வர மாட்டேங்கறீங்கன்னு நினைச்சேன். வர வரைக்கும் எழுந்திருக்கறதில்லன்னு உக்காந்துட்டேன். வண்டி போனா போகட்டும்னு.”

“அந்த சரி நான் போட்டதில்ல.”

“பின்ன யாரு போட்டா?”

ஃபோன் போட்டது என்று எந்த மனைவியிடம் சொல்ல முடியும்? சொன்னேன். அவள் நம்பினாள் என்று நினைக்கிறேன். நம்பியதில் அவளுக்கு ஒரு நிம்மதியும் கிடைக்கவில்லை.

அன்றைக்கு அந்த ஊருக்கு வேறு ரயில் கிடையாது. காலை ஒன்பது மணி அப்படியே இருந்தது. எதுவும் செய்யாமல் இருந்தால் நான் ஆசைப்பட்டதெல்லாம் நடந்துவிடும். நாளை வேறு யாரோ போய் அவள் நாற்காலியில் உட்காருவார். என்னைக் குற்றம் சொல்ல யாராலும் முடியாது. பூட்டையும் பலகையையும் கைபேசியையும்தான் சொல்ல வேண்டும். அது எனக்கு மிக நன்றாகப் புரிந்தது. அன்று காலையிலிருந்து எனக்குத் தெளிவாகப் புரிந்த ஒரே விஷயம் அதுதான்.

“நீ ரயில்ல இல்லன்னு தெரிஞ்சதும் எனக்கு சந்தோஷமா இருந்துச்சு,” என்றேன். “அத உன்கிட்ட சொல்லாம இருக்க முடியல. நீ போனா எனக்கு பயமா இருக்கு. மூணு வாரமா அதுதான்.”

என் நாற்காலி கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு அழைப்பு மணி அடிப்பதும், ஸ்டோர் அக்கா யாரிடமோ இதோ அனுப்புகிறேன் என்று சொல்வதும் கேட்டது.

“இத மூணு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா நான் உங்க பக்கத்துல உக்காந்திருப்பேன்,” என்றாள். “இப்ப உங்க ஆபீஸ்ல உக்காந்திருக்கேன்.”

பஸ் ஏதாவது இருக்கிறதா பார்க்கிறேன், கைபேசியை வைத்துவிடாதே என்று சொல்லி, பெஞ்சிலிருந்து எழுந்து நின்று, பேச்சைத் துண்டிக்காமலே பஸ் டிக்கெட் செயலியைத் திறந்தேன். ஊர்ப் பெயரை மூன்று முறை தப்பாக அடித்தேன். மாலை ஏழு மணிக்கு ஒரு பஸ் இருந்தது, காலை ஆறுக்குள் போய்ச் சேரும். ஜன்னல் ஓரம் ஒரு இடம் காலி. அவள் பெயரை அடித்தேன், வயதை அடித்தேன். வயதில் ஒரு வருடம் குறைத்து அடித்துவிட்டுத் திருத்தினேன். அதற்குமேல் அது என்னை விடவில்லை. திரையின் நடுவில் ஒரு கட்டம் வந்து நின்றது. ‘ஒருவழியா? இருவழியா?’

இரண்டுக்கும் பக்கத்தில் வெறும் வட்டம். இதற்கு மட்டும் அது முன்கூட்டியே எதையும் தேர்ந்தெடுத்து வைக்கவில்லை. எதைத் தொடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவழி என்று தொட்டால் நானே அவளை அனுப்பிவிட்ட மாதிரி. இருவழி என்று தொட்டால் மறுபடியும் கேட்காமல் நானே அவளுக்காக முடிவு செய்த மாதிரி. நடைமேடையில் ஆட்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒன்றரை நிமிடத்தில் இந்தப் பக்கம் காலாவதியாகும் என்று மேலே சிவப்பில் எண்கள் ஓடின.

“அது ஒண்ணு கேக்குது,” என்றேன். “ஒருவழியா இருவழியான்னு. என்ன போடறது? நீ சொல்லு.”

எண்கள் குறைந்துகொண்டே வந்தன. இருபது வருடத்தில் அவளிடம் நான் கேட்ட கேள்விகளில் பதில் தெரியாமல் கேட்டது இது ஒன்றுதான் போலிருந்தது.

“எனக்கு ஒருவழி போதும்,” என்றாள் கடைசியில். எனக்குக் கண் இருட்டியது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். “நீங்க அங்க வர்றதுக்கு ஒண்ணு தனியா போடுங்க. என்னிக்குன்னு இப்பவே சொல்லுங்க. மெசேஜ்ல வேணாம்.”

ஒருவழியைத் தொட்டேன். அவள் டிக்கெட் உறுதியானது. மறுபடி முதலிலிருந்து தொடங்கி என் பெயரை அடித்தேன். மாதம் முழுவதும் கட்டம் கட்டமாகத் திறந்தது. பதினேழு பேருடைய விடுமுறையும் எனக்கு மனப்பாடம். என்னுடையது எந்த நாள் என்று ஞாபகம் வரவில்லை.

“சனிக்கிழமை,” என்றேன். தேதியை அதற்குப் பிறகுதான் தேடினேன்.